மாரப்பா கேட்ட எட்டு நாள்

நாட்றாம்பாளையத்தில் ஒரு விவசாயியின் கொல்லையில் உரக்குழிக்குக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தேன். தபால்காரர் வரப்பில் நின்றபடியே ஒரு கார்டை நீட்டினார். ஓசூர் ஆபீஸில் பியூனாக இருக்கும் நண்பர் எழுதியது. "நம்ம தோட்டத்து மாரப்பா போன வெள்ளிக்கிழமை தவறிவிட்டார். இரண்டு நாள் காய்ச்சல். உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்." அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் யோசித்ததில் தப்பே இல்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த விவசாயி, "யாருங்க சார், சொந்தமா?" என்று கேட்டார். "கூட வேலை பாத்தவரு" என்றேன். அதுகூட முழு உண்மை இல்லை. அவர் வேலை பார்த்தார். நான் நிழலில் நின்று மேற்பார்வை பார்த்தேன்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் பலர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள். மூக்கண்டப்பள்ளி மாரப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். பீன்ஸ் செடி வாடினால் அவரைத் தேடிப் போயிருப்பீர்கள். ஆனால் அவர் முன்பு ஓசூர் ஆபீஸ் நடத்திய மாதிரித் தோட்டத்தில் மாலியாக இருந்தார் என்பதும், அந்த வேலை ஏன் போயிற்று என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் அப்போது அந்தத் தோட்டத்துக்குப் பொறுப்பான கிராம சேவக், விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் அரசு ஊழியன். தண்ணீர் விடாமல் செடிகளைக் காயவிட்டார் என்று அவரை அனுப்பினார்கள். அது பொய். அந்தப் பொய் யாருடையது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான்.

இதில் அவரை 'அவர்' என்று எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனால் நான் ஒருநாளும் அவரை 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. "மாரப்பா, இங்க வா", "மாரப்பா, அதை எடு", இப்படித்தான். அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அதே ஆபீஸில் இருந்த குமாஸ்தா ஒருவர், "வாங்க மாரப்பா, உக்காருங்க" என்றுதான் சொல்வார். ஆகவே அந்தச் சாக்கும் எனக்கு இல்லை.

பேச்சில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. வீட்டில் தெலுங்கு பேசுவார். பெங்களூருக்குக் காய் ஏற்றும் வண்டிக்காரர்களிடம் கன்னடத்தில் சண்டை போடுவார். என்னிடம் தமிழ். கபிலை பூட்டித் தண்ணீர் இறைக்கும்போது மாடுகளைத் தெலுங்கில் கொஞ்சிக்கொண்டே போவார். ஒருநாள், "ஏன் மாரப்பா, மாட்டுக்குத் தமிழ் தெரியாதா?" என்று கேட்டேன். "தமிழ்ல பேசினா அதுங்க என்னைக் கவர்மெண்டுன்னு நெனச்சிக்கினு படுத்துக்கும் சார்" என்றார். கிணற்றடியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் கிடையாது. இதைச் சொல்வது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்துக்குப் புது எரு எது வந்தாலும் முதலில் பாத்தியில் போட மாட்டார். வாய் உடைந்த சட்டி இரண்டு எடுப்பார். ஒன்றில் வெறும் தோட்டத்து மண். இன்னொன்றில் அதே மண்ணோடு புது எருவைக் கலந்து நிரப்புவார். இரண்டிலும் பத்துப் பத்துப் பீன்ஸ் விதை ஊன்றி, கிணற்று மேட்டில் வைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றுவார். மாறிப்போகாமல் இருக்க, மண் சட்டிக்கு ஒரு சுண்ணாம்புப் பொட்டு, எருச் சட்டிக்கு மூன்று பொட்டு. எட்டு நாளில் இரண்டும் ஒரே மாதிரி முளைத்தால் எரு நல்ல எரு. "நான் சொல்றன், நீங்க சொல்றீங்கன்னு எதுக்கு சார் தகராறு? எட்டு நாள் பொறுத்தா சட்டியே சொல்லிடும்" என்பார். நான் ட்ரெயினிங்கில் எழுதி வந்த நோட்டில் சட்டி இல்லை. அதனால் அதை ஒரு விளையாட்டாகவே நினைத்தேன். நான் பெரிய படிப்பாளி பாருங்கள்!

அந்த வருஷம் மாசி மாதம் மேலதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்க்க வரப்போவதாகத் தகவல் வந்தது. என் உரக்குழிகளோ காலியாகக் கிடந்தன. சாணியை எல்லோரும் வறட்டி தட்டிவிட்டார்கள், இலைதழை கிடைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஓர் அபார யோசனை உதித்தது. என் சொந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம் தோல் மண்டிக் குப்பையைத் தென்னைக்கு வைப்பார்கள். மரம் ஜம்மென்று நிற்கும். கிருஷ்ணகிரியில் ஒரு தோல் மண்டியில் பச்சைத் தோலை உதறும் இடத்தில் அந்தக் குப்பை குவியலாகக் கிடந்தது. மயிர், சாணம், ஜவ்வு, தூசி. எடுத்துப் போனால் போதும் என்று மண்டிக்காரர் கும்பிட்டார். வண்டி வண்டியாக ஏற்றி வந்து, குழியில் அடுக்கி, தண்ணீர் தெளித்து, கிளறிக் கிளறி மக்க வைத்தேன். கறுப்பாக, பொலபொலவென்று, பார்க்கவே ஆசையாக ஓர் எரு வந்தது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க எதைத் தடவி மடிக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். தென்னைக்கு உப்பையே வைக்கிறவர்கள் உண்டு, அது தாங்கும். பீன்ஸ் தாங்குமா? இதைச் சின்னக் குழந்தையிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

மாரப்பா ஒரு கொட்டாங்குச்சியில் அந்த எருவைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, தெளிந்ததும் துணியில் வடித்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. காறித் துப்பிவிட்டு, "சார், கரிக்குது" என்றார். "நீங்களும் ஒரு சொட்டு வெச்சிப் பாருங்க."

"சீச்சீ! தோல் குப்பையை வாயில வைக்கறதா? போ அந்தப் பக்கம்!"

"அப்ப எட்டு நாள் குடுங்க. சட்டியில போட்டுப் பாத்துட்டு அப்பறமா பாத்தியில போடலாம்."

"எட்டு நாள் இல்ல, எட்டு மணி நேரம் கூடக் கெடையாது. இன்னைக்கே போட்டு விதையை ஊணு. ஆபீசர் வரும்போது செடி முழங்கால் உயரம் நிக்கணும்."

 நான் சொன்னபடியே அவர் எருவைப் பாத்தியில் போட்டார், விதையும் ஊன்றினார். ஆனால் என் கண்ணெதிரிலேயே இரண்டு சட்டியையும் நிரப்பிக் கிணற்று மேட்டில் வைத்தார். அதை நான் தடுக்கவில்லை. என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலையில் வந்து என்னைக் கூப்பிட்டார். ஒரு பொட்டுச் சட்டியில் பத்தும் முளைத்து இரண்டு இலை விரித்து நின்றன. மூன்று பொட்டுச் சட்டியில் மூன்றே முளைத்திருந்தன, அவையும் கொக்கி மாதிரி வளைந்து. மண் ஈரமாகத்தான் இருந்தது. அதன் மேல் மெல்லிதாக வெள்ளை பூத்திருந்தது. "விதை சொத்தை" என்றேன். "ஒரே மடியிலேருந்து எடுத்த விதை சார்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு முன்கோபம் அதிகம், தப்பு என் பக்கம் இருந்தால் இன்னும் அதிகம். பாத்தியில் முளைத்த மிச்சம் மீதிச் செடிகளுக்குச் சத்துக் குறைவு என்று தீர்ப்புச் சொல்லி, சாம்பலையும் கடலைப் பிண்ணாக்கையும் தூவச் சொன்னேன். பிறகு அமோனியா உரமும் வைத்தேன். கரிக்கிற குழம்பில் மேலும் உப்பைப் போட்ட கதைதான். இலை ஓரங்கள் நெருப்பில் காட்டியது போலக் கருகின. காலில் சேறு ஒட்டும் அளவுக்குப் பாத்தி ஈரமாக இருந்தும், செடிகள் மத்தியான வெயிலில் துவண்டு படுத்தன.

"இன்னும் நேரம் இருக்குது சார்" என்று மாரப்பா சொன்னார். "பாத்தி வரப்பை ஒசத்திக் கட்டி நல்ல தண்ணிய நிக்க வெச்சி எறக்கணும். நாலஞ்சு தரம் எறக்கினா உப்பு கீழ போயிடும். இந்தச் செடி போனாப் போகுது. ஆபீசர்கிட்ட உள்ளதைச் சொல்லிடலாம். தெரியாம நடந்துபோச்சுன்னா என்ன பண்ணிடப் போறாங்க?"

இப்போது நினைத்தால் அவர் சொன்னது எவ்வளவு சுலபமான வழி! தெரியாமல் நடந்துவிட்டது. நாலு வசவு விழுந்திருக்கும். அதோடு போயிருக்கும்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் மத்தியானம். மாரப்பா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நான் கிணற்று மேட்டுக்குப் போனேன். இரண்டு சட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கண் இருக்கிற யாரும் ஒரு பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள். மூன்று பொட்டுச் சட்டியை எடுத்தேன். மண்ணைக் கொட்டிக் காலால் பரப்பினேன். சட்டியைக் கிணற்றுக்குப் பின்னால் இருந்த கள்ளிப் புதரில் எறிந்தேன். விதை சொத்தை என்று நான் நிஜமாகவே நம்பியிருந்தால் அந்தச் சட்டியை ஏன் எறிய வேண்டும்? எனக்குத் தெரியும். அந்த மத்தியானமே எனக்குத் தெரியும். அறியாமல் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் அந்தப் புதர் வரைக்கும்தான் செல்லும்.

மறுநாள் ஜீப் வந்தது. அதிகாரி பாத்திகளைப் பார்த்தார். முகம் கடுகடுவென்று ஆயிற்று. "என்ன இது?" என்றார்.

"நீர்ப் பாய்ச்சல் போதவில்லை சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய். ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது.

"யாரு மாலி? தண்ணி விடறியா இல்லையா?"

"விடறன் சாமி. தெனமும் ரெண்டு வேளை விடறன்."

அப்போதுதான் அதிகாரியின் கண் கிணற்று மேட்டுக்குப் போயிற்று. அங்கே ஒரு பொட்டுச் சட்டி மட்டும் நின்றது. பத்துச் செடியும் பச்சைப் பசேலென்று, கொடி வீசி. நான் அதை மறந்தே போயிருந்தேன். "அது என்ன விதை?" என்று கேட்டார். "அதே விதைதான் சாமி" என்றார் மாரப்பா. "சட்டிக்கு ஊத்தத் தெரியுது, பாத்திக்கு ஊத்தத் தெரியலையா?" என்று அதிகாரி சத்தம் போட்டார். உண்மையைக் காட்ட மாரப்பா வைத்த சட்டியே அவர் கழுத்துக்கு வந்து நின்றது.

மாரப்பா மேட்டைப் பார்த்தார். அக்கம்பக்கம் தேடினார். "இன்னொரு சட்டி இருந்துது சாமி. மூணு பொட்டு வெச்சது. அதையும் பாத்தீங்கன்னா வெளங்கும். சாருக்குத் தெரியும்" என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

மாரப்பா என்னை ஒருமுறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் என்றைக்கோ மறந்திருப்பேன். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்கிறவர் மாதிரிதான் பார்த்தார். மாதக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள். அதற்கான காகிதத்தில் 'நீர்ப் பாய்ச்சுவதில் கவனக்குறைவு' என்று என் கையெழுத்தில்தான் இருக்கும்.

கதை அத்தோடு முடியவில்லை. என் அழகான கறுப்பு எருவைப் பார்த்து மயங்கி, பக்கத்து விவசாயிகள் நாலைந்து பேர் அதற்குள் ஆளுக்கு ஒரு வண்டி வாங்கிப் போயிருந்தார்கள். அவர்கள் தோட்டமும் கருகிற்று. அவர்கள் என்னிடம் வந்தபோது நான் நீர்ப் பாய்ச்சல் என்ற அதே பாட்டைப் பாடினேன். மாரப்பா அப்போது மூக்கண்டப்பள்ளியில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து உழுதுகொண்டிருந்தார். தன் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு தோட்டமாகப் போனார். உயரமாக வரப்புக் கட்டி, நல்ல தண்ணீரைத் தேக்கித் தேக்கி உப்பை இறக்கினார். முதலில் ராகி, அப்புறம் கீரை, மண் தேறின பிறகுதான் பீன்ஸ் என்று வரிசையும் சொல்லிக் கொடுத்தார். அந்த எரு யார் கொடுத்தது என்று அவர்களுக்கே தெரியும். ஆனாலும் என்னைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை என்று அவர்களில் ஒருவர் பிற்பாடு சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. வெட்கம் கெட்டவனுக்கு எதுதான் ஆறுதலாக இருக்காது?

ஒரு தடவைதான் அதன் பிறகு பேசினோம். ஓசூர்ச் சந்தையில் அவர் பீன்ஸ் கூடையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நான் வெற்றிலைக் கடைப் பக்கம் ஒதுங்கினேன். "சார்! சார்! இங்க வாங்க!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார். வேறு வழியில்லாமல் போனேன். வீட்டில் சௌக்கியமா என்று கேட்டார். இரண்டு கை நிறையப் பீன்ஸை அள்ளி என் பைக்குள் போட்டார். "சட்டியில பாத்து வெளைஞ்ச காயி சார், பயப்படாமத் தின்னலாம்" என்று சிரித்தார். நானும் ஏதோ சிரித்து வைத்தேன். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்கத் துணிவில்லை. தெரியாது என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு எனக்கு வசதியாக இருந்தது.

காரியத்தன்று மூக்கண்டப்பள்ளிக்குப் போனேன். அவர் மனைவி திம்மக்காவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "பழைய தோட்டத்து சார்தான?" என்று ஒரு பாயைப் போட்டார். கொல்லையில் மாடத்துக்குக் கீழே சட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்று மட்டும் தனியாக, விரிசலுக்குக் கம்பி சுற்றி, மாடத்துக்கு உள்ளேயே இருந்தது. அதன் வயிற்றில் மூன்று சுண்ணாம்புப் பொட்டு. அழிந்தபோதெல்லாம் மறுபடி வைத்த பொட்டு என்று பார்த்தாலே தெரிந்தது.

நான் பார்ப்பதைத் திம்மக்கா கவனித்தார். "மத்த சட்டி ஒடஞ்சா வீசிடுவாரு சார். இத மட்டும் யாரையும் தொட உட மாட்டாரு. வேலை போன அன்னிக்கி தோட்டத்துலேருந்து இத ஒண்ணத்தான் கையில எடுத்துக்கினு வந்தாரு. கள்ளிப் பொதருல கெடந்துதாம். கையெல்லாம் முள்ளு. யாரு போட்டாங்கன்னு கேட்டன். காத்துல உருண்டிருக்கும்னாரு" என்றார். சட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஒங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க சார். அவரு நெனப்பா இருக்கட்டும்."

சட்டி கையில் இருந்தது. வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "காத்து இல்லம்மா, நான்தான் போட்டேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன், அதனால் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

திம்மக்கா என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். பிறகு, "கவர்மெண்டு வேலைன்னு சொல்லித்தான் பெரிய பொண்ணுக்கு எடம் முடிச்சிருந்தோம். தண்ணி ஊத்தாத சோம்பேறி ஊட்டுப் பொண்ணு வேணாம்னு நிறுத்திட்டாங்க. அதுதான் அவரு மனசுல நின்னுபோச்சு. வேலை போனது இல்ல, சோம்பேறின்னு சொன்னது" என்றார். அப்புறம் என் கையிலிருந்த சட்டியை மெதுவாக வாங்கி, மாடத்துக்குள் இருந்த இடத்திலேயே வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும் சார்." வேறு ஒரு வசவும் இல்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

ஆகவே மாரப்பாவின் நினைவாக என்னிடம் ஒரு பொருளும் இல்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆபீஸுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். மாலி மாரப்பா தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டார், செடிகள் என் எருவின் உப்பினால் செத்தன, சாட்சியாக இருந்த சட்டியை எறிந்தவன் நான் என்று எழுதி, பழைய காகிதத்தோடு இதையும் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். சேர்ப்பார்களோ, கிழிப்பார்களோ தெரியாது. அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன். அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தியவர்கள் ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள்தான். இதைப் படித்தால் படிக்கட்டும்.

நாட்றாம்பாளையத்துக்குத் திரும்பியதும் அந்தக் குழி அளந்த விவசாயியின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு யாரோ கொடுத்த புது எரு வண்டியோடு நின்றது. ஒரு கொட்டாங்குச்சியில் கரைத்து, வடித்து, நாக்கில் வைத்துப் பார்த்தேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். இரண்டு உடைந்த சட்டி கேட்டேன். "எட்டு நாள் பொறுங்க. பாத்திக்கு இப்ப வேணாம். சட்டி சொல்லிடும்னு மாரப்பான்னு ஒருத்தர் சொல்லுவாரு" என்றேன்.

"எந்த மாரப்பா சார்? அன்னிக்கிக் கார்டு வந்துதே, ஒங்க கூட வேலை பாத்தவரா?"

"ஆமாங்க" என்றேன். "நான் பொய் சொல்லி வேலையை விட்டு அனுப்பின ஆளு."